அக்கா சொல்லாத பெயர்

தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு அக்காவைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் போன் செய்தார்.

"உங்களுக்குத்தாம்மா அவங்களோட நல்ல பழக்கம். ஸ்டேஷன்ல அறிவிப்பாளரா இருந்தது, குரல் வளம், தைரியம், அதெல்லாம் எழுதுங்க. அந்த வியாதி விஷயம் மட்டும் நக்கோ, வேண்டாம். மலரைப் பொண்ணு மாப்பிள்ளை பாக்கறவங்க எல்லாம் புரட்டுவாங்க."

சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் ஆத்திரம் வந்தது. வியாதியை விட்டுவிட்டு அக்காவை எழுதுவது, உப்பில்லாமல் ஊறுகாய் போடுகிற மாதிரி. செயலாளர் இதைப் போட மாட்டார். போடாவிட்டால் போகட்டும்.

அக்காவின் பெயரை மட்டும் நான் எழுதப் போவதில்லை. அதற்கு அவரே காரணம். கடைசியில் சொல்கிறேன்.

செகந்திராபாத் ஸ்டேஷனில் கம்ப்யூட்டர் குரல் வருவதற்கு முன்னால் மைக்கில் பேசியவர்களில் அக்கா ஒருவர். தெலுங்கில் ஒரு தடவை, இந்தியில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை. பேசும்போது வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொள்வார். மைக்கைப் பிடுங்கி விசாரணை கவுண்டரில் உட்கார வைத்த பிறகும், ரிட்டயராகி மெட்டுகுடாவில் வீட்டோடு இருந்தபோதும் அந்தப் பழக்கம் போகவில்லை. காய்கறி வண்டிக்காரரிடம் கத்தரிக்காய் சொத்தை என்று சொல்வதானாலும் காதைப் பொத்திக்கொண்டு மூன்று தடவைதான். அரக்கோணத்துத் தமிழ்க் குடும்பம். ஆனால் ஸ்டேஷனில் தமிழில் பேச அவருக்கு வாய்ப்பே வரவில்லை. அதில் ஒரு குறை உண்டு.

"ஏங்க்கா எதையும் மூணு தடவை சொல்றீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒரு தடவை சொன்னா பாதிப் பேருக்குக் காதுல விழாது. மீதிப் பேரு விழாத மாதிரி நடிப்பான். மூணு தடவை சொன்னா நடிக்கறவன் மாட்டிக்குவான், அதான்."

மெதுவாகப் பேசுவது அக்காவுக்குத் தெரியாது. அவரிடம் இருந்த நல்லதும் கெட்டதும் இது ஒன்றுதான்.

வேலையில் இருந்த காலத்தில் அவருக்கு டி.பி. வந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டுத் தேறிக்கொண்டிருந்தபோது நவராத்திரி. தெருவில் ஒரு வீட்டுக் கொலுவுக்குப் போயிருக்கிறார். வெற்றிலை பாக்கு கொடுத்த அம்மாள், "இளைச்சுட்டீங்களே, சுகரா?" என்று கேட்டாள். பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்த கூடத்தில் அக்கா சொன்னார், "இல்லீங்க, டி.பி. மாத்திரை சாப்பிடறேன். இனிமே யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சுண்டல்ல காரம் கொஞ்சம் கம்மி."

அடுத்த வருடம் அந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. எந்த வீட்டிலிருந்தும் வரவில்லை. எங்கள் தெருவில் சர்க்கரைக்குப் பெயர் உண்டு, பிரஷருக்குப் பெயர் உண்டு, மூலத்துக்குக்கூடப் பெயர் உண்டு. டி.பி.க்கு மட்டும் கிடையாது. நெஞ்சுச் சளி என்பார்கள். வீக்னஸ் என்பார்கள். பெயர் சொல்லாவிட்டால் அது வேறு தெருவுக்குப் போய்விடும் என்று நினைப்பு. படித்தவர்கள்தான். பாதிப் பேர் மத்திய அரசு உத்தியோகம்.

அக்கா இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வார். ஒருநாள் லாலாகுடாவில் பஸ் ஏறும்போது, டி.பி. சென்டரில் பார்த்துப் பழகிய ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். "தம்பி, டி.பி. மாத்திரை விடாம சாப்பிடறியா?" என்று வாசலிலிருந்தே கேட்டுவிட்டார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பையன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினான். அதன் பிறகு சென்டர் பக்கம் வரவே இல்லை. அக்கா விலாசம் கண்டுபிடித்துப் போனபோது வீடு பூட்டியிருந்தது.

"என் வியாதிய நான் கத்தலாம். அடுத்தவன் வியாதிய அவன்தான் கத்தணும். எனக்கு இன்னா ரைட்டு?" என்பார். இதையும் மூன்று தடவை சொல்வார், ஆனால் காதைப் பொத்தமாட்டார்.

நான் தார்நாகாவில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் ஸ்டெனோவாக இருந்தேன். அக்காவின் மனுக்களை டைப் அடித்துக் கொடுத்து, அவரோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள். அவர் கேட்டது ஒன்றுதான். சாதாரண மாத்திரைக்குக் கட்டுப்படாத டி.பி. என்று ஒன்று உண்டு. அதற்கு வேறு மருந்து. கடையில் கிடைக்காது, கையில் காசிருந்தாலும் வாங்க முடியாது, அரசாங்க சென்டரில்தான் தருவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த உதவிப் பணம் நின்றுபோனது. அந்த இடத்தில் நம் அரசாங்கம் பணம் ஒதுக்க வேண்டும். ஒதுக்குகிறோம் என்றார்கள். அதற்குள் சென்டரில் ஒரு மாதத்து மருந்துக்குப் பதில் ஒரு வாரத்து மருந்து கொடுத்தார்கள். பிறகு கையை விரித்தார்கள்.

நம் அரசாங்கம் மற்ற நாடுகளுக்கும் சேர்த்துப் பணம் போட வேண்டும் என்பது அக்காவின் மனுவில் கடைசி வரி. எங்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் நடந்த ஒரு கருத்தரங்கில் விஞ்ஞானி ஒருவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். அதே கிருமியை வைத்துப் பெரிய கட்டுரைகள் எழுதியவர் அவர். "நமக்கே இல்லாதப்போ ஆப்பிரிக்காவுக்குக் கைக்கு, எதுக்கு?" என்றார்.

"சார், நான் ரயில்வேக்காரி. எந்தக் கோச்சுல புகை வந்தாலும் வண்டி முழுக்க நிக்கணும். என் கோச்சுல இல்லியேன்னு ஏசியில படுத்திருப்பீங்களா?"

அவர் வாட்சைப் பார்த்தார். கருத்தரங்கில் மதியச் சாப்பாட்டு நேரமாகியிருந்தது.

ஆபீஸ்களுக்குப் போனால் அக்காவுக்கு ஒரு விரதம் உண்டு. டீ குடிக்கமாட்டார், உட்காரவும் மாட்டார். முதல் தடவை தெரியாமல் நான் டம்ளரை வாங்கிவிட்டேன். வெளியே வந்ததும் என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "டீய வாங்கினா தேங்க்ஸ் சொல்லணும். தேங்க்ஸ் சொன்னப்புறம் எப்படிச் சண்டை போடுவ? கோவம் ஆறிடும்மா. அதுக்குத்தான் டீயே குடுக்கறான்." அதற்குப் பிறகு நானும் எந்த ஆபீஸிலும் டீ குடித்ததில்லை. பழகிவிட்டது.

இனி ரேவதி. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த பெண். அப்பா ஒர்க்ஷாப்பில் பிட்டர். அம்மா சங்கத்து மகளிர் அணியில் இருந்தார். பொங்கல் வைப்பது, தட்டு ஏந்துவது எல்லாம் அவர் பொறுப்பு. ரேவதி பி.காம் முடித்து ஒரு செல்போன் கடையில் கணக்கு எழுதினாள். இருபத்துமூன்று வயது. அவளுக்கு வந்தது அந்தக் கட்டுப்படாத ரகம். யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவளுடைய ஜாதகம் அப்போது சங்கத்திலேயே நாலு வீட்டுக்குப் போயிருந்தது. அக்காவை சென்டரில் பார்த்துவிட்ட அம்மா, வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"எம் பொண்ணு பேரை மட்டும் எங்கயும் சொல்லிடாதீங்க. உங்க வாய்க்குப் பயந்துதான் வந்தேன்."

அக்காவுக்கு அந்த பஸ் பையன் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சத்தியம் செய்து கொடுத்தார்.

துப்பட்டாவை மூக்கு வரை சுற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்கு ரேவதி வந்து போவாளாம். அக்காவைப் போலவே காதைப் பொத்திக்கொண்டு, "ரேவதியின் மாத்திரை தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. பயணிகளுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று அறிவிப்பாளாம். பாதி சொல்லும்போதே இருமல் வந்துவிடும். எல்லாம் பிற்பாடு அக்கா சொல்லித் தெரிந்துகொண்டது.

அந்த வருடப் பொங்கல் விழாவுக்கு டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். சுகாதாரப் பணம் எங்கே போக வேண்டும் என்று கையெழுத்துப் போடும் இடத்தில் இருந்தவர். தமிழர். அது போதாதா நம் ஆட்களுக்கு? அவர் ஏதோ ஒரு கருத்தரங்குக்குத்தான் ஹைதராபாத் வந்திருந்தார். செயலாளர் எப்படியோ மடக்கிச் சங்கத்துக்குக் கூட்டி வந்துவிட்டார். அக்கா கெஞ்சிக் கூத்தாடி நிகழ்ச்சியின் கடைசியில் இரண்டு நிமிடம் வாங்கினார். நான் அவருக்குக் கொடுக்க மனுவைப் புதிதாக அடித்து வைத்திருந்தேன்.

தமிழன் ஒரு பெரிய மனிதரைப் பார்த்தால் முதலில் சால்வை போடுவான். கேட்க வேண்டியதைக் கேட்பது அப்புறம். அன்று தலைவர் ஒரு சால்வை, செயலாளர் ஒரு சால்வை, மகளிர் அணி ஒன்று, தார்நாகா கிளை ஒன்று. சால்வை போட்டவரெல்லாம் ஆளுக்கொரு பேச்சு. அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கில் நூறு வாங்கியது வரைக்கும் செயலாளர் சொன்னார். அந்த மனிதரே இரண்டு முறை நெளிந்தார். கழுத்துக்கு மேலேதான் ஆள் தெரிந்தது. பிளைட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவருடைய உதவியாளர் வந்து காதில் சொன்னபோது அக்காவின் முறை இன்னும் வரவில்லை.

அவர் மேடையை விட்டு இறங்கும் படியில் அக்கா போய் நின்றார். நான் பக்கத்தில் இருந்தேன். காதைப் பொத்திக்கொண்டு ஆரம்பித்தார். மருந்து இல்லை, பணம் ஒதுக்குங்கள், ஆட்கள் சாகிறார்கள். சொல்ல வேண்டியதைச் சுருக்கமாக, நன்றாகச் சொன்னார். கூட்டம் அடங்கியது.

அந்த அதிகாரி நின்று கேட்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும், அவர் கெட்டவர் இல்லை. பாக்கெட்டிலிருந்து போனைக்கூட எடுத்தார்.

"அம்மா, இங்க கேட்டா எல்லா சென்டர்லயும் ஸ்டாக் இருக்குன்னு எழுதித் தராங்க. அது பொய்னு நான் நிரூபிச்சாதான் பணம் கேக்க முடியும். எனக்கு ஒரு பேஷண்ட் வேணும். பேரு, எந்த சென்டர், எப்பலேருந்து மருந்து வரல. ஒரே ஒரு பேரு குடுங்க. இப்பவே, இங்கிருந்தே பேசறேன்."

இரண்டடி தள்ளி ரேவதியின் அம்மா நின்றிருந்தார். கையில் தாம்பாளம். அதில் மடித்து வைத்த கடைசிச் சால்வை.

அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூட நாலு பேருக்குப் புரிந்திருக்கும். காதுக்குப் போன கை பாதியில் இறங்கியது.

"நிறையப் பேரு இருக்காங்க சார்."

"ஒரு பேரும்மா."

"பேரு சொல்ல முடியாது சார்."

அதுவரை நான் கேட்டிராத குரல். மெதுவான குரல். அதிகாரி போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "அப்ப நான் என்னம்மா பண்றது?" என்றார். உண்மையாகவே வருத்தமாகத்தான் கேட்டார். அதற்குள் செயலாளர் ரேவதி அம்மாவின் முழங்கையைத் தொட்டார். அவர் இரண்டடி முன்னால் வந்து தட்டை நீட்டினார். சால்வை ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. யார் மேல் கோபப்படுவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே எல்லோர் மேலும் படுகிறேன். ஒரு நாட்டுக்கு மருந்து வாங்க ஒரு பெண்ணின் மானத்தை விலையாகக் கேட்கும் நிர்வாகம் என்ன நிர்வாகம்? இருக்கிறது என்று பொய் எழுதித் தந்தவன் நிம்மதியாகத் தூங்குகிறான், இல்லை என்கிறவள் சாட்சி கொண்டுவர வேண்டும். அந்த அம்மா தட்டைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி நின்றாரே, அவர் மேலும் கோபம்தான். அவரை அப்படி நிற்க வைத்த எங்கள் தெருவின் மேல் அதைவிடக் கோபம்.

அன்று எனக்கு எதுவும் தெரியாததால் அக்கா மேல்தான் பாய்ந்தேன். "வாய் கிழியப் பேசுவீங்களே, கேட்டப்போ ஏங்க்கா சொல்லல?"

"சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சத்தியமா வந்து உயிரைக் காப்பாத்தும்?"

"பஸ்ல ஒருத்தன் இறங்கிப் போனான்மா" என்றார்.

மறுநாள் அக்கா ரேவதியின் அம்மாவைப் போய்ப் பார்த்திருக்கிறார். "நான் வாயத் தொறக்கல. நீ வந்து சொல்லு. அவரு போன் நம்பர் வாங்கித் தரேன், நீயே ரகசியமா சொல்லு." அம்மா கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே சொன்னாராம், "அடுத்த வாரம் பொண்ணு பாக்க வராங்கக்கா. அது முடியட்டும்."

பெண் பார்க்க வந்தார்கள். பிடித்திருக்கிறது என்றும் சொன்னார்கள். கிடைக்காமல் விட்டு விட்டுச் சாப்பிட்ட மருந்து ரேவதிக்குப் பிறகு வேலை செய்யவில்லை. லாலாகுடா தெருவில் போனாலு அம்மன் திருவிழா மேளம் போய்க்கொண்டிருந்த வாரத்தில் அவள் செத்துப்போனாள். மஞ்சள் காமாலை என்று வீட்டில் சொன்னார்கள். தெருவும் மஞ்சள் காமாலை என்றே சொல்லியது. அந்தத் திருவிழாவே காலரா வந்த காலத்தில் அம்மனுக்கு நேர்ந்துகொண்டது என்று இங்கே சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் வியாதியின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுது வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். பி.காம் படித்த பெண்ணுக்கு அது கிடைக்கவில்லை.

பதிமூன்றாம் நாள் காரியத்துக்குப் போய்விட்டு வந்துதான் அக்கா என்னிடம் சொன்னார். அப்போதும் பெயரைச் சொல்லவில்லை. "சால்வைத் தட்டு" என்றார், அவ்வளவுதான். எனக்குப் புரிந்தது.

அக்கா ஓயவில்லை. குறை கேட்கும் நாளில் மாவட்ட ஆபீஸுக்குப் போவோம். அங்கிருந்த அதிகாரி தெலுங்குக்காரர், இனிக்க இனிக்கப் பேசுவார். "ஸ்டாக் லேதுன்னு யாரும்மா சொன்னது? ஒரு பேரு சொல்லுங்க." அக்கா தன் பெயரைச் சொல்வார். "உங்களுக்குத்தான் எப்பவோ சரியாயிடுச்சே" என்று அவர் சிரிப்பார். டீ வரும். நாங்கள் நின்றுகொண்டே இருந்துவிட்டுத் திரும்புவோம்.

மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒருநாள் அப்படிக் கிளம்பி மெட்டுகுடா பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். ரேவதியின் அம்மா நின்றிருந்தார். எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. அதே பஸ்ஸில் ஏறினார், அதே நிறுத்தத்தில் இறங்கினார், எங்கள் பின்னாலேயே மாடி ஏறினார். வராந்தா பெஞ்சுகளில் வழக்கம்போல ஜனம் காத்துக்கொண்டிருந்தது. பலர் துணியால் வாயை மூடியிருந்தார்கள்.

அதிகாரி சிரித்தார். "சொல்லுங்கம்மா, இன்னிக்காவது பேரு கொண்டாந்தீங்களா?"

ரேவதியின் அம்மா மேஜைக்கு முன்னால் போய் நின்றார். உதடு அசைந்தது.

"ஏமண்டி, என்னம்மா? கேக்கல. கொஞ்சம் சத்தமா."

மறுபடியும் சொன்னார். பக்கத்தில் இருந்த எனக்கே மூச்சுத்தான் கேட்டது. அத்தனை மாதம் தொண்டைக்குள் அடைத்து வைத்த பெயர் எப்படி வெளியே வரும்?

அக்கா அவர் தோளைத் தொட்டார். "நான் சொல்லட்டுமா?"

அந்த அம்மா சரி என்று தலையை ஆட்டினார்.

அக்கா அறையிலிருந்து வெளியே வந்து வராந்தாவின் நடுவில் நின்றார். வலது காதைப் பொத்திக்கொண்டார். முதலில் தெலுங்கில் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். இந்தியில் சொன்னார். இங்கிலீஷில் சொன்னார். பிறகு, வேலை செய்த காலம் முழுக்க எந்த மைக்கிலும் பேசாத பாஷையில், அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ரேவதி. வயசு இருபத்துமூணு. லாலாகுடா. வியாதி டி.பி. அரசாங்கம் மருந்து தரல. செத்துப்போச்சு."

பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "அம்மா, மேரா பேட்டா பி. அவன் பேரும் சொல்லுங்க" என்றார். மகன் பெயரைச் சொன்னார். அவர் பின்னால் இன்னொரு பெண் எழுந்தாள். அக்கா ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு வாங்கி மூன்று பாஷையில் சொன்னார். அதிகாரி வெளியே ஓடிவந்து, "அம்மா, அம்மா, உள்ள வந்து உக்காருங்க, டீ சொல்லியிருக்கேன்" என்றார். டீ வந்தது. ரேவதியின் அம்மாவிடம் பியூன் ஒரு டம்ளரை நீட்டினான். அவர் வாங்கவில்லை.

மருந்து அதற்குப் பல மாதம் கழித்து வந்தது. பணம் ஒதுக்கிவிட்டார்களாம். சங்கம் அந்த டெல்லி அதிகாரிக்கு நன்றி சொல்லி ஒரு தீர்மானம் போட்டது. அக்கா போன வருடம் போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு, நிஜமாகவே மாரடைப்பு. இந்த வாரம் சென்டர் வழியாக வந்தேன். மறுபடியும் ஒரு வாரத்து மருந்துதான் கொடுக்கிறார்கள்.

அன்று ஆபீஸிலிருந்து இறங்கி வரும்போது, இதையெல்லாம் ஒருநாள் எழுதுவேன் அக்கா என்று சொன்னேன்.

"எழுது. என் பேரப் போடாத. நான்தான் ஊரெல்லாம் கத்திட்டேனே, எனக்கு எதுக்கு? அந்தப் பொண்ணு பேரப் போடு."

ரேவதி. ரேவதி. ரேவதி.